ரீஸ்டார்ட் எப்போது காப்பாற்றும்? எப்போது கவிழ்க்கும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ளும் முதல் வைத்தியம் ரீஸ்டார்ட். மவுஸ் நகரவில்லையா, பிரிண்டர் முரண்டு பிடிக்கிறதா, ஒரு முறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அதே வைத்தியம் நம்மை வீட்டுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிடும் சந்தர்ப்பமும் உண்டு. அதை நான் திருவெள்ளறையில் இருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சென்டரில் படித்தேன். அந்தக் கதையோடு, சர்வர்களில் அடிக்கடி கை வைக்கப்படும் இரண்டு விஷயங்களையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம். ஒன்று, கெர்னல் பாராமீட்டர்கள். இன்னொன்று, லாகின் சரிபார்ப்பு.

"எங்கள் வீட்டில் ஏது சர்வர்?" என்று கேட்காதீர்கள். புதிய கம்ப்யூட்டர் வந்ததும் பழையது மூலைக்குப் போகிறதல்லவா? அதில் லினக்ஸ் போட்டு வீட்டுப் படங்கள், பாடல்கள், பைல்கள் அனைத்தையும் ஓரிடத்தில் வைத்தால் அதுவே சர்வர்தான். உங்கள் வீட்டு வைஃபை ரவுட்டருக்குள்ளும் பெரும்பாலும் லினக்ஸ் கெர்னல்தான் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு போனிலும் அதுவே.

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலும் ஸ்வஸ்திக் வடிவக் கிணறும் உள்ள ஊர். அங்கே என் சித்தப்பா ஜெராக்ஸ், ஸ்கேனிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு கடை நடத்துகிறார். 4 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய மெஷினில் உபுண்டு 22.04 போட்டுக் கொடுத்தது நான். சர்வர் என்று பெயரே தவிர, சித்தப்பா அதிலேயே உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார். நான் சென்னையிலிருந்து எஸ்எஸ்ஹெச் மூலம் உள்ளே போய்ப் பராமரிப்பேன்.

இன்னொரு குறிப்பு. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அடிக்கவும்.

கெர்னல் பாராமீட்டர் என்றால் என்ன?

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுப்பகுதிதான் கெர்னல். ரேமை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, டிஸ்க்கில் எப்போது எழுதுவது, நெட்வொர்க்கில் வருவதை எப்படி வாங்குவது என்பதையெல்லாம் அது முடிவு செய்கிறது. இந்த முடிவுகளில் பலவற்றுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்களை, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கலாம், மாற்றலாம். லினக்ஸில் அவை 'ப்ராக்' என்ற டைரக்டரிக்குள் 'சிஸ்' என்ற டைரக்டரியில் பைல்களைப் போலத் தெரியும். உண்மையில் அவை டிஸ்க்கில் உள்ள பைல்கள் அல்ல. நீங்கள் திறக்கும்போது கெர்னல் தன் நினைவிலிருந்து எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இதைக் கையாளும் கட்டளை சிஸ்சிடிஎல். எஸ், ஒய், எஸ், சி, டி, எல் என்ற ஆறு எழுத்துகள். டெர்மினலைத் திறந்து 'சிஸ்சிடிஎல் விஎம்.ஸ்வாப்பினஸ்' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பெரும்பாலான மெஷின்களில் 60 என்று வரும். ரேம் நெருக்கடி வரும்போது புரோகிராம்களின் நினைவை டிஸ்க்குக்குத் தள்ளுவதில் கெர்னல் எவ்வளவு ஆர்வம் காட்ட வேண்டும் என்பதற்கான எண் இது. சித்தப்பாவின் மெஷினில் பழைய ஹார்டு டிஸ்க். பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே டிஸ்க் கரகரவென்று சத்தம் போடும். அதனால் 10 ஆக்கினேன். கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை.

அவருக்கு உண்மையில் தொல்லை கொடுத்தது கரண்ட் கட். ஸ்கேன் செய்து சேமித்த பைல், கரண்ட் போய் வந்த பிறகு பார்த்தால் பெயர் இருக்கும், அளவு பூஜ்ஜியம். இது வைரஸ் வேலை அல்ல. நீங்கள் 'சேவ்' கொடுத்ததும் பைல் உடனே டிஸ்க்குக்குப் போய்விடுவதில்லை. கெர்னல் அதை ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, சேர்த்து வைத்து மெதுவாக எழுதும். வேகத்துக்காகச் செய்யும் ஏற்பாடு இது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு 'விஎம்.டர்ட்டி எக்ஸ்பயர் சென்டிசெக்ஸ்' என்று ஒரு பாராமீட்டர் உண்டு. (டர்ட்டி, எக்ஸ்பயர், சென்டிசெக்ஸ் ஆகிய மூன்று சொற்களுக்கும் நடுவில் அடிக்கோடு வர வேண்டும்.) வழக்கமான அளவு 3000. நூறில் ஒரு பங்கு விநாடிக் கணக்கு என்பதால் 30 விநாடி. அந்த 30 விநாடிக்குள் கரண்ட் போனால் பைலும் போச்சு. அதை 500 ஆக்கி, 5 விநாடியாகக் குறைத்தேன். டிஸ்க்குக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் கடையில் அது பரவாயில்லை. சரியான மருந்து யுபிஎஸ்தான் என்று அப்போதே சொன்னேன். "வாங்கலாம் வாங்கலாம்" என்றார் சித்தப்பா.

மூன்றாவதாக 'கெர்னல்.பேனிக்'. கெர்னலே மீள முடியாத கோளாறில் விழுந்தால் என்ன செய்வது என்பது இது. வழக்கமாக 0, அதாவது அப்படியே உறைந்து நிற்கும். 10 என்று வைத்தால் 10 விநாடியில் தானே ரீஸ்டார்ட் ஆகும். பக்கத்தில் ஆள் இல்லாத மெஷினுக்கு இது நல்லது.

இவ்வளவு போதும். 'சர்வரைப் பறக்கவைக்கும் 50 கெர்னல் மாற்றங்கள்' என்று நெட்டில் கிடைக்கும் பட்டியல்களை அப்படியே ஒட்டாதீர்கள். நொடிக்கு ஆயிரக்கணக்கில் இணைப்பு வாங்கும் மெஷின்களுக்கானவை அவை. அதிலும் பல எண்கள் பழையவை. உதாரணமாக, காத்திருக்கும் இணைப்புகளின் வரிசைக்கான 'நெட்.கோர்.சோமேக்ஸ்கான்' முன்பு 128 ஆக இருந்தது. 2019ல் வந்த 5.4 கெர்னலில் 4096 ஆகிவிட்டது. பழைய பட்டியலில் '1024 ஆக உயர்த்துங்கள்' என்று இருப்பதை இன்று செய்தால் நீங்கள் உயர்த்தவில்லை, குறைக்கிறீர்கள்.

எண்ணை மாற்றுவது எப்படி? 'சுடோ சிஸ்சிடிஎல் -டபிள்யூ விஎம்.ஸ்வாப்பினஸ்=10' என்று கொடுத்தால் அந்த விநாடியே மாறும். ஆனால் ரீஸ்டார்ட் செய்ததும் பழைய எண் திரும்பிவிடும். குறை போலத் தெரியும் இதுதான் உண்மையில் பெரிய வசதி. கல்லூரி நாட்களில் என் 4 ஜிபி லேப்டாப்பில் 'விஎம்.மின் ஃப்ரீ கேபைட்ஸ்' என்ற எண்ணை 40960 ஆக்க நினைத்துக் கை தவறி இரண்டு சைபர் கூடுதலாக அடித்துவிட்டேன். கிட்டத்தட்ட மொத்த ரேமையும் காலியாக வைத்திரு என்று கெர்னலுக்குச் சொன்ன மாதிரி. திறந்திருந்த புரோகிராம்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. பிறகு மவுஸும் நின்றது. பவர் பட்டனை அழுத்தி அணைத்துப் போட்டேன். ஒன்றுமே நடக்காதது போல் வந்து நின்றது.

எண் சரி என்று ஒரு வாரம் பார்த்த பிறகுதான் நிரந்தரமாக்க வேண்டும். இடிசி டைரக்டரியில் உள்ள 'சிஸ்சிடிஎல்.டி' என்ற போல்டரில், '99-லோக்கல்.கான்ஃப்' போன்ற பெயரில் ஒரு பைல் உருவாக்கி, வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். பழைய புத்தகங்களில் 'சிஸ்சிடிஎல்.கான்ஃப்' என்ற ஒற்றைப் பைலில் எழுதச் சொல்லியிருப்பார்கள். 2025ல் வந்த டெபியன் 13, பூட் ஆகும்போது அந்தப் பைலைப் படிப்பதில்லை. எனவே போல்டர் முறையே நல்லது.

லாகின் சரிபார்ப்பு: பாம்

பாஸ்வேர்ட் சரியா தவறா என்று பார்ப்பது ஒரே ஒரு புரோகிராம் என்றுதான் நாம் நினைப்போம். முன்பு ஒவ்வொரு புரோகிராமும் தானே பார்த்துக்கொண்டது. புதிய முறை ஒன்று வந்தால் எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டிய நிலை. இதற்குத் தீர்வாக 1995ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் முன்வைத்த ஏற்பாடுதான் 'பாம்'. லாகின் திரை, எஸ்எஸ்ஹெச், சுடோ என யார் கேட்டாலும் விசாரணையை நடத்துவது பாம். யாரை எப்படி விசாரிப்பது என்ற வரிகள் இடிசிக்குள் 'பாம்.டி' என்ற போல்டரில், சாதாரண டெக்ஸ்ட் பைல்களாக இருக்கும்.

வரிகள் நான்கு வகை: ஆத், அக்கவுண்ட், பாஸ்வேர்ட், செஷன். நீங்கள் யார் என்று பார்ப்பது ஆத். நீங்கள் அவரேதான் என்றாலும் இப்போது நுழைய அனுமதி உண்டா என்று பார்ப்பது அக்கவுண்ட். திருவெள்ளறைக் கோயிலுக்கு வந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கே தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயண வாசல். எவ்வளவு பெரிய பக்தராக இருந்தாலும் அந்தந்தக் காலத்தில் திறந்திருக்கும் வாசலில்தான் போக வேண்டும். பாமிலும் 'பாம் டைம்' என்ற மாட்யூல் இருக்கிறது. இந்தப் பயனர் காலை 9 முதல் மாலை 6 வரைதான் நுழையலாம் என்று வைக்கலாம். பிள்ளைகளின் இரவுக் கம்ப்யூட்டர் பழக்கத்துக்கு நல்ல மருந்து. மற்ற இரண்டில், பாஸ்வேர்ட் வகை அதை மாற்றும்போது வேலை செய்யும், செஷன் வகை நுழைந்த பிறகு இடத்தைத் தயார் செய்து தரும். ஊர்க் கிணற்றுக்கும் நான்கு பக்கம் படிக்கட்டு உண்டு. தந்திவர்ம பல்லவன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டியது. அதில் எந்தப் படியில் இறங்கினாலும் தண்ணீர் கிடைக்கும். பாமில் அப்படியில்லை. ஆத், அக்கவுண்ட், செஷன் என்று வரிசையாக எல்லாம் தாண்டினால்தான் உள்ளே.

நான் செய்த தவறு

2023 மே மாதம். நான் வெளியிலிருந்து நுழைவதற்காகக் கடை ரவுட்டரில் எஸ்எஸ்ஹெச்சைத் திறந்து வைத்திருந்தேன். லாகின் முயற்சிகள் பதிவாகும் 'ஆத்.லாக்' பைலைப் பார்த்தால், ரூட், அட்மின், டெஸ்ட் என்று யார் யாரோ விடாமல் பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டிருந்தார்கள். இணையத்தில் திறந்து வைத்த எந்த மெஷினுக்கும் இது நடக்கும். மூன்று முறை தவறாக அடித்தால் 10 நிமிடம் பூட்டிவிடும் 'ஃபெயில்லாக்' என்ற மாட்யூலைச் சேர்க்க முடிவு செய்தேன். இப்படிப்பட்ட பூட்டு விண்டோஸிலும் உண்டு. 2022ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் மெஷின்களில் 10 தவறுக்கு 10 நிமிடப் பூட்டு தானாகவே அமைகிறது.

உபுண்டுவில் 'காமன்-ஆத்' என்ற பைலில் முக்கியமான மூன்று வரிகள் இருக்கும். முதல் வரி பாஸ்வேர்டைப் பார்க்கும். அதில் 'சக்சஸ்=1' என்று இருக்கும். பாஸ்வேர்ட் சரி என்றால் அடுத்த ஒரு வரியைத் தாண்டிக் குதி என்று பொருள். இரண்டாவது வரி 'டினை', அதாவது மறுப்பு. மூன்றாவது 'பெர்மிட்', அனுமதி. சரியான பாஸ்வேர்ட் மறுப்பைத் தாண்டி அனுமதியில் இறங்கும். தவறான பாஸ்வேர்ட் நேராக மறுப்பில் முட்டும்.

நான் ஃபெயில்லாக் வரியை முதல் வரிக்கும் மறுப்பு வரிக்கும் நடுவில் நுழைத்தேன். சக்சஸ்=1ஐத் தொடவில்லை. விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியான பாஸ்வேர்ட் ஒரு வரியைத் தாண்டுகிறது. தாண்டப்படுவது என் புது வரி. இறங்கும் இடம் மறுப்பு. சரியாக அடித்தாலும் தவறு, தவறாக அடித்தாலும் தவறு.

எனக்கு அன்றிரவு ஒன்றுமே தெரியவில்லை. ஏனென்றால் நான் ஏற்கனவே உள்ளே இருந்தேன். பாம் பைலை மாற்றினால் அடுத்து வரும் லாகினிலிருந்தே அது அமலுக்கு வரும், எதையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. ஆனால் முன்பே நுழைந்தவரை அது வெளியே தள்ளாது. எனவே எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைக்கூட மூடாமல் தூங்கிவிட்டேன். அப்போதாவது கவனித்திருந்தால் அந்தத் திறந்த ஜன்னலிலேயே சரிசெய்திருக்கலாம். நள்ளிரவுக்குப் பிறகு திருவெள்ளறையில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆனது. கெர்னல் எண்ணாக இருந்தால் இந்த ரீஸ்டார்ட் என்னைக் காப்பாற்றியிருக்கும். பாம் விஷயத்தில் அது உள்ளே இருந்த ஒரே ஆளையும் வெளியேற்றிவிட்டது.

காலை ஒன்பது மணிக்கு போன். "என்னடா தம்பி, பூட்டைப் போட்டுட்டுச் சாவிய நீயே கொண்டு போயிட்டியா? பாஸ்வேர்ட எத்தனை தடவை அடிச்சாலும் தப்புங்குது." அன்று ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். சுற்று வட்டார ஊர்ப் பிள்ளைகள் முப்பத்தேழு பேரின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அந்த மெஷினில் வைத்திருந்தார். அசல்கள் அவரவர் வீட்டில். வெளியே நாற்காலியில் ஒரு பையனும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார்.

கடைசி வழி

எதிரில் இருக்கும் மெஷினுக்கு லாகினைத் தாண்டி நுழைய ஒரு வழி உண்டு. மெஷினைப் போட்டதும் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தால் (புதிய மெஷின்களில் எஸ்கேப் கீ) 'க்ரப்' என்ற மெனு வரும். அதில் 'இ' கீயை (இ-மெயிலின் இ) தட்டினால் பூட் ஆகும் வரிகள் திருத்துவதற்குத் திறக்கும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் 'ஆர்ஓ' என்பதை 'ஆர்டபிள்யூ' ஆக்கி, வரியின் முடிவில் இடைவெளி விட்டு 'இனிட்=/பின்/பேஷ்' என்று சேர்த்து, கண்ட்ரோல், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். லாகினே கேட்காமல், அட்மினிஸ்ட்ரேட்டராகவே ஒரு கறுப்புத் திரை வரும்.

சித்தப்பா இதற்கு முன் டெர்மினலைத் தொட்டதில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். முதல் தடவை சாய்கோட்டுக்குப் பதில் எதிர்ச் சாய்கோடு போட்டுவிட்டார், கெர்னல் திகைத்து நின்றது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. 'நானோ' எடிட்டரில் காமன்-ஆத் பைலைத் திறந்து படிக்கச் சொன்னேன். நிதானமாகப் படித்தார். "சக்சஸ் ஈக்வல் ஒன்னு..." என்றதும்தான் எனக்குப் பொறி தட்டியது. நான் சேர்த்த வரியின் மேல் கர்சரை வைத்துக் கண்ட்ரோல்-கே, சேமிக்கக் கண்ட்ரோல்-ஓ, என்டர், வெளியேறக் கண்ட்ரோல்-எக்ஸ். பிறகு 'சிங்க்', 'ரீபூட் -எஃப்'. மணி பத்தே முக்காலுக்கு லாகின் ஆனது. முப்பத்தேழு விண்ணப்பமும் மாலைக்குள் போய்விட்டன. அந்தப் பையனின் அம்மா என்ன நடந்தது என்று கேட்டாராம். "பட்டணத்துல இருந்து என் அண்ணன் மகன் பூட்டிட்டான்" என்று சொல்லியிருக்கிறார். மறுக்க முடியவில்லை.

நான் அந்த 1ஐ 2 ஆக்கியிருந்தால் போதும். கூடவே, பாஸ்வேர்டைப் பார்க்கும் வரிக்கு முன்னால் ஃபெயில்லாக்கின் 'ப்ரீஆத்' வரி ஒன்றும், 'காமன்-அக்கவுண்ட்' பைலில் ஒரு ஃபெயில்லாக் வரியும் வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால், சரியாக நுழைந்த பிறகும் பழைய தவறுகளின் எண்ணிக்கை அழியாது. யாராவது பூட்டிக்கொண்டால் 'சுடோ ஃபெயில்லாக் --யூசர்' என்று அடித்து, பெயரைக் கொடுத்து, '--ரீசெட்' சேர்த்தால் உடனே திறக்கும்.

இப்போது பாம் பைலைத் தொடுவதற்கு முன் அதற்கு ஒரு நகல் எடுக்கிறேன். 'சுடோ -ஐ' கொடுத்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஒரு ஜன்னலைத் திறந்து அதை மூடாமல் வைக்கிறேன். மாற்றிய பிறகு இரண்டாவது ஜன்னலில் புதிதாக லாகின் செய்து, சுடோவும் வேலை செய்கிறதா என்று பார்க்கிறேன். வேண்டுமென்றே ஒரு தவறான பாஸ்வேர்டும் கொடுத்து, அது மறுக்கப்படுவதையும் பார்க்கிறேன். இந்த மூன்றும் முடிந்த பிறகே முதல் ஜன்னலுக்கு விடை.

எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டையே நிறுத்திவிட்டுச் சாவிப் பைல் முறைக்கு மாறியதுதான் உண்மையில் அந்த ஊகிக்கும் கூட்டத்துக்கு முடிவு கட்டியது. சாவி முறையில் வருபவரிடம் ஆத் வரிகள் எதுவும் கேட்கப்படுவதில்லை, அக்கவுண்ட், செஷன் மட்டுமே. அன்று எனக்குச் சாவி இருந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனால் சுடோவும் அதே காமன்-ஆத் பைலைத்தான் கேட்கும் என்பதால் திண்ணையோடு சரி, எதையும் திருத்தியிருக்க முடியாது.

லாகினில் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தாலும் விடாதீர்கள். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் மெஷினில் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் புரோகிராமின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ரகசியக் கதவு வைத்திருந்தது வெளிவந்தது. பெரும்பாலான சர்வர்களுக்கு அது போய்ச் சேரும் முன்பே தடுக்கப்பட்டது.

ஒரு விஷயம் உங்களுக்கு உறுத்தியிருக்கும். க்ரப் மெனுவில் ஒரு வரி மாற்றி யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாமா? டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யாவிட்டால் போகலாம். க்ரப்புக்குப் பாஸ்வேர்ட் வைக்கலாம், ஆனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டுபவரை அது தடுக்காது. சித்தப்பா கடையில் என்க்ரிப்ஷன் வேண்டாம் என்றார். கரண்ட் வரும்போதெல்லாம் டிஸ்க் பாஸ்வேர்ட் அடிக்க ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு. மெஷின் இப்போது உள் அறையில், பூட்டுக்குள் இருக்கிறது. பக்கத்தில் யுபிஎஸ். கேபினெட் மேல் அவர் கையெழுத்தில் க்ரப் வரிகளை எழுதி ஒட்டியிருக்கிறார், சாய்கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சிவப்பு மையில் அம்புக்குறியோடு.